திக்கி ஓதும் பிள்ளைக்கும் ஓர் உஸ்தாத் வேண்டும்

மதரஸா நிர்வாகத்தினருக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

குர்ஆன் ஓதல் வகுப்பை, பிள்ளைகளின் ஓதலைக் கேட்டு மதிப்பெண் போடும் செயலிக்கு மாற்றியதன் காரணங்களைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகள் அதிகம், ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களான உஸ்தாத்மார் குறைவு. அதை மறுபடி கிளற நான் வரவில்லை. சென்ற வாரம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட தரவரிசைப் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் கடைசிப் பெயர் என் மகனுடையது.

அவனுக்குத் திக்குவாய். சேர்க்கும்போதே சொல்லியிருக்கிறோம். செயலிக்கு அதெல்லாம் தெரியாது. ‘ரப்பில் ஆலமீன்’ என்பதன் முதல் எழுத்தில் நாக்கு நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று சிவப்பு விழும். ஓர் ஒலி நீண்டுவிட்டால் மத்து, அதாவது ஒலியை நீட்டும் அளவு, தவறு என்று சிவப்பு. ஓர் அசை இரண்டு தடவை வந்துவிட்டால் சொல் கூடிவிட்டது என்று சிவப்பு. மூன்று சிவப்பு சேர்ந்ததும் ஆயத்தின் (வசனத்தின்) தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். முதல் சொல்லில் திக்குகிற பிள்ளையைத் திரும்பத் திரும்ப அந்த முதல் சொல்லுக்கே அனுப்புகிற ஏற்பாடு இது. பதறப் பதறத் திக்கலும் கூடும் என்பது இப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் பெரியவர்களின் சரளமான குரலைக் கேட்டுப் பழகியவை. குழந்தைக் குரலிலும் திக்கும் குரலிலும் எளிதாகத் தவறிவிடும். ஆனால் என் மகனுடைய மக்ரஜில், அதாவது எழுத்துகள் பிறக்கும் இடத்தில், குறையில்லை. ஒன்றுபோல் ஒலிக்கும் அரபு எழுத்துகளான ஐனையும் ஹம்ஸாவையும், ஸீனையும் ஸாதையும் அவன் சுத்தமாகப் பிரித்து ஓதுகிறான். எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தால் அது தெரிந்திருக்கும்.

குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார், தடுமாறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், நபிமொழித் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்களே உங்களைப் போன்ற ஆலிம்கள்தாம். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) இரண்டு கூலி என்று சொன்ன இடத்தில் நம் மதரஸா மதிப்பெண்ணைக் கழிக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

பட்டியல் வந்த பிறகு நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். அவன் தன் அக்காவை ஓதச் சொல்லித் தன் பெயரில் பதிவேற்றிவிட்டான். எல்லாம் பச்சை. பெயர் சட்டென்று மேலே ஏறியது. குழுவில் ‘மாஷா அல்லாஹ்’ என்று வாழ்த்துகள் குவிந்தன. இரவில் அவனே அழுதுகொண்டு வந்து சொன்னான். அதே வாரம், அதே செயலியில், அக்லாக் (நற்குணம்) பாடத்தின் ‘உண்மை பேசுதல்’ பகுதியில் அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. நான்கு விடைகளில் சரியானதைத் தொடுவதை அக்லாக் என்று எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்? பட்டியல் பிள்ளையைப் பொய்க்குள் தள்ளியது. வினாத்தாள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

முதலிடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும் கவலைப்படுகிறேன். மறுமையில் முதலில் தீர்ப்புக் கூறப்படும் மூவரில் ஒருவர், ‘காரீ’ (நன்றாக ஓதுபவர்) என்று மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காக ஓதியவர் என்று முஸ்லிமில் வருகிறது. பெரியவர்களே நடுங்க வேண்டிய எச்சரிக்கை அது. நாமோ சின்னப் பிள்ளைகளின் ஓதலை வரிசைப்படுத்தி எல்லோருக்கும் காட்டுகிறோம். தயவுசெய்து அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குர்ஆனில் முதலில் இறங்கிய வசனங்களிலேயே பேனா வருகிறது. உயிரொலிகளைக் காட்ட அரபு இலக்கண அறிஞர் அபுல் அஸ்வத் அத்துவலீ வண்ண மையால் இட்ட புள்ளிகளும், 8ஆம் நூற்றாண்டில் இன்னொரு மொழியறிஞர் கலீல் இப்னு அஹ்மத் வகுத்த குறிகளும் இல்லாமல் போயிருந்தால், அரபு தாய்மொழியாக இல்லாத நாம் முஸ்ஹஃபை, அதாவது குர்ஆன் பிரதியைப் பார்த்து ஓதவே திணறியிருப்போம். செயலியும் அப்படி உதவட்டும். சொற்களை மனனம் செய்ய, ஸர்ஃப் (சொல்லிலக்கண) வாய்பாடுகளைப் பழக, அரபியர் பேசுவதைக் கேட்டுக் காதைப் பழக்க அது நல்ல துணை. என் மகள் அதில் நிறையக் கற்றிருக்கிறாள். ஆனால் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹஃபுகளை நகரங்களுக்கு அனுப்பியபோது ஓதிக்கொடுப்பவர்களையும் கூடவே அனுப்பினார்கள் என்றுதானே படித்திருக்கிறோம்.

தம் தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸூரத்துந் நிஸாவின் 41ஆம் வசனம் வந்ததும் போதும் என்றார்கள். அவர்களுடைய கண்கள் நீர் சொரிந்தன. ஓதலைக் கேட்பது என்றால் அதுதான். சிறுவன் மாலிக்கை ஆசிரியர் ரபீஆவிடம் அனுப்பிய தாய், அவருடைய இல்முக்கு (அறிவுக்கு) முன்னால் அவருடைய அதபை (ஒழுக்கத்தை) கற்றுக்கொள் என்று சொல்லி அனுப்பினாராம். அந்தச் சிறுவன்தான் இமாம் மாலிக் (ரஹ்) ஆனார். திக்கும் பிள்ளை ஓதி முடிக்கும்வரை ஓர் உஸ்தாத் முகம் சுளிக்காமல் காத்திருப்பதை வகுப்பே பார்க்கும். பொறுமை என்ற பாடத்தை அதைவிடத் தெளிவாக எந்தத் திரையால் நடத்த முடியும்? கற்க வந்த பார்வையற்ற ஒருவரிடமிருந்து முகம் திருப்பப்பட்டதைக் கண்டித்து ‘அபஸ’ ஸூரா (அத்தியாயம்) இறங்கியதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கேட்க இன்னும் இருக்கிறது. பிள்ளைகளின் குரல் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் கேட்கிறார்கள் என்று கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை. அந்தக் குரல்கள் உங்களிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விளம்பரத்தில் ‘முழுவதும் டிஜிட்டல்’ என்று பெருமையாகப் போடுகிறீர்கள். பெற்றோர் தேடுவது உஸ்தாதை. வார்த்தை கடுமையாகிவிட்டது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் தினமும் ‘ரப்பிஷ்ரஹ் லீ ஸத்ரீ’ (என் இறைவா, என் நெஞ்சை விரிவாக்கு) என்ற மூஸா (அலை) அவர்களின் துஆவை ஓதுகிறான். நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி வேண்டிய மூஸா (அலை) அவர்களைத்தான் அல்லாஹ் கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்னிடம் பேச அனுப்பினான். தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று இகழ்ந்தவன் ஃபிர்அவ்ன்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். செயலி வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் ஒரு தடவையாவது உஸ்தாத் முன் உட்கார்ந்து ஓத வழிசெய்யுங்கள். உஸ்தாத்மார் போதாதென்றால், மற்ற பாடங்களைக் கண்காணிக்கும் வேலையைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு உஸ்தாத்மாரை ஓதல் கேட்க விடுங்கள். நானும் என் கணவரும் முறை வைத்து வருகிறோம், மற்றவர்களிடமும் பேசுகிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் பதில் தாருங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் மாணவன் ஒருவனின் தாய்