கடலைப் பார்த்து எரியும் விளக்குகள்: நம் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், கடலோர வரிசையின் வீட்டுக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தை பிறந்ததும் பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வருவதையும், மாணவர்களும் தன்னார்வலர்களும் 1988 முதல் இரவெல்லாம் சென்னைக் கடற்கரை மணலில் நடந்து அந்த முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்துவருவதையும் நீங்கள் அறிவீர்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு முட்டைக்குழியைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற வாரம் விடிகாலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைக்குப் போனேன். நம் வரிசையில் ஒரு வீட்டு மதிலடியில் காகங்கள் கூடியிருந்தன. மதில் மேல் ஃபோகஸ் லைட் அப்போதும் கடலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். ஆமைக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. குழியிலிருந்து கிளம்பிய தடங்கள் விசிறிபோல விரிந்து மதிலை நோக்கியே வந்திருந்தன. கடல் பக்கம் ஒரு தடம்கூட இல்லை. ஒரு குஞ்சு, துடுப்பில் ஈரமணல் அப்பியிருக்க, செங்கல்லில் முட்டுவதும் சரிவதும் மறுபடி முட்டுவதுமாக இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. தன்னார்வலர்களை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை துண்டை வீசிக் காகங்களை விரட்டினேன். உயிரோடு மிஞ்சியவை பதினொன்று.

இருட்டில் பொரிந்து வெளிவரும் குஞ்சுக்கு, எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் கடல். நிலவும் நட்சத்திரமும் படும் நீர்ப்பரப்பை நம்பி அது நடக்கிறது. அந்த நம்பிக்கையை நம் விளக்கு கெடுக்கிறது.

ஆகவே கேட்கிறேன்: கடலைப் பார்த்த வெளிவிளக்குகள் எல்லாவற்றுக்கும், ஆள் நடமாடும்போது மட்டும் விளக்கைப் போடும் மோஷன் சென்சார் பொருத்துங்கள்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது திருட்டுப் பயம் என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துபோனது. பயம் நியாயமானது, நானும் இங்கே குடும்பத்தோடு இருப்பவன்தான். ஆனால் இரவு முழுக்க எரியும் விளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருட்டில் சட்டென்று எரியும் விளக்கைக் காவலாளியும் பார்ப்பார், பக்கத்து வீடும் பார்க்கும். மனித உடலின் வெப்பம் நகர்வதை உணர்ந்துதான் இந்தச் சென்சார் விளக்கைப் போடுகிறது. ஆமைக் குஞ்சின் உடம்போ கிட்டத்தட்ட மணலின் சூட்டில்தான் இருக்கும். அதற்காக விளக்கு எரியப்போவதில்லை. தெருநாய்க்கு எரியலாம். சென்சாரை மணற்பரப்புக்குத் திருப்பாமல் வாசலையும் மதிலை ஒட்டிய இடத்தையும் மட்டும் பார்க்குமாறு சாய்த்து, விளக்கு எரியும் நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறைத்து வைத்தால் அதுவும் பெரிய தொல்லையாக இராது. விளக்கையும் தரையைப் பார்க்கத் திருப்பி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் கலந்த செம்மை நிற பல்பு போட்டால் இன்னும் நல்லது. ஐம்பது வாட் விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட் ஆகிறது. அதை யாருக்காக எரிக்கிறோம்?

2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து நம் கரையில் ஒதுங்கியபோது, இழுவைப் படகுகளையும் அரசையும் திட்டி நாம் எல்லோரும் படங்களைப் பகிர்ந்தோம். திட்டியதில் தவறில்லை. வலையில் ஆமை தப்பும் வழி வைக்காதவர்களை இன்னும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கும் உயிர் நம் மதிலடியில் சாகும்போது எந்தப் படகுக்காரரைக் கைகாட்டுவது? அந்த விளக்கின் சுவிட்ச் நம் வீட்டுக்குள் இருக்கிறது. மீனவக் குப்பத்தில் கடலைப் பார்த்து இத்தனை வெளிச்சம் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த செயற்குழுவில் இதை முதல் பொருளாக எடுத்து, கடலோர விளக்குகள் அனைத்துக்கும் மார்கழி முடிவதற்குள் மோஷன் சென்சார் பொருத்தத் தீர்மானம் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து வரவும், வீடு வீடாக வந்து சென்சாரின் கோணம் பார்த்துத் தரவும் நான் தயார். அதுவரை, இந்தப் பருவத்தில் பொரிய வேண்டிய குழிகள் இன்னும் இருக்கலாம் என்பதால், இன்றிரவு பத்து மணிக்கு மேல் கடல் பக்கத்து விளக்குகளை மட்டுமாவது அணைத்து வையுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் தெருவில் குடியிருக்கும் உங்கள் சங்க உறுப்பினர்