கிறுக்கல் என்ற ஒரு சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலகக் குகை ஓவியங்களைப் பற்றி எட்டுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பொருளாதாரத்துக்கும் சினிமாவுக்கும் போக மீதிப் பக்கங்கள் இப்படியொரு காரியத்துக்குக் கிடைத்ததே என்று மகிழ்ந்துதான் படிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நின்றுவிட்டேன். வேட்டையில்லாத நாட்களில் ஆதிமனிதன் பொழுது போகாமல் சுவரில் கிறுக்கி வைத்தவையே இன்று கலையென்று கொண்டாடப்படுகின்றன என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அச்சுப் பிழையாக இருக்குமோ என்று மூன்று முறை படித்துப் பார்த்தேன். முப்பத்தோர் ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால், கிறுக்கல் என்ற சொல் எனக்குப் புதியதல்ல. கணக்குப் பாடம் முடியவில்லை, உங்கள் பீரியடைக் கொடுங்கள் சார், பிள்ளைகள் கிறுக்கிக்கொண்டுதானே இருக்கும் என்று கேட்டு வாங்கிப்போனவர்களின் எண்ணிக்கையை நான் வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல் தங்கள் இதழிலும் வந்து என்னைப் பிடிக்கும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

பிரான்சில் 1994 டிசம்பரில் கண்டறியப்பட்ட ஷோவே குகையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பழைய ஓவியங்களுக்கு ஏறத்தாழ 36,000 ஆண்டு வயது. அங்கே குதிரைத் தலைகளை வரையும் முன் சுவரைச் சுரண்டி வெளுப்பாக்கியிருக்கிறார்கள். கரியால் கோடிழுத்துவிட்டு, அந்தக் கரியையே கையால் தேய்த்து நிழல் இறக்கியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிழல் இறக்கக் கற்றுக்கொடுக்க எனக்கு அரையாண்டுத் தேர்வு வரை ஆகும். விரல் நுனியால் தேய்க்கச் சொன்னால் உள்ளங்கையால் தேய்த்துத் தாளையே கறுப்பாக்கிக் கொண்டுவருவார்கள். அதே ஷோவேயில் ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால்கள் இருக்கின்றன. எண்ணத் தெரியாமல் போட்டதல்ல, அது ஓடுகிறது. ஸ்பெயினின் அல்தமிராவில் கூரைப் பாறை எங்கெங்கே புடைத்திருக்கிறதோ அங்கே காட்டெருமையின் உடல் வந்து பொருந்தும்படி வரைந்திருக்கிறார்கள். பிரான்சின் லாஸ்கோ குகையில் கைக்கு எட்டாத உயரத்தில் வரையச் சாரம் கட்டியிருக்கிறார்கள். மரம் செருகிய குழிகள் இன்றும் சுவரில் இருக்கின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டால் சாரத்துக்குத் தனிக் கூலி கேட்கும் ஊரில் இருந்துகொண்டு, பொழுது போகாதவன் இருட்டுக் குகைக்குள் கொழுப்பு விளக்கை ஏற்றிவைத்துச் சாரம் கட்டினான் என்று எழுத எப்படித்தான் மனம் வந்ததோ.

சுவரில் வைத்த கையைச் சுற்றி வண்ணத்தை ஊதிப் பதித்த கைத்தடங்களைக் கட்டுரையாளர் 'குழந்தை விளையாட்டு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அந்த விளையாட்டை நான் ஆடியிருக்கிறேன், ஐயா. ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காவிக்கல்லை அம்மியில் அரைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீரில் கரைத்துப் பள்ளியின் பின்சுவரில் முயன்று பார்த்தோம். வாயிலிருந்து நேராக ஊதினால் எச்சிலோடு வழிந்துவிடுகிறது. பப்பாளிக் காம்பைக் குழலாக நறுக்கிக்கொண்ட பிறகுதான் பொடிப்பொடியாகத் தெறித்தது. அதிலும் ஒரு கை தெளிவாகப் பதிய முப்பது, நாற்பது முறை ஊத வேண்டியிருந்தது. நடுவில் கை இம்மி நகர்ந்தால் விரல்கள் மங்கிப்போகும். எல்லாப் பிள்ளைகளும் குழலை வலக்கையில் பிடித்து இடக்கையைத்தான் சுவரில் வைத்தார்கள். அர்ஜென்டினாவின் 'கைகளின் குகை'யில் உள்ள நூற்றுக்கணக்கான தடங்களில் மிகப் பெரும்பாலானவை ஏன் இடக்கையாக இருக்கின்றன என்று அன்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் சீருடைக் கறைக்காகப் பெற்றோர் வந்ததும், தலைமையாசிரியர் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டதும், சுவரை என் செலவில் வெள்ளையடித்ததும் வேறு கதை. விளக்கக் கடிதம் கேட்ட தாளிலும் 'சுவரில் கிறுக்கியது' என்றே எழுதியிருந்தது.

கட்டுரையின் இன்னொரு பெருமை, லாஸ்கோவைக் கண்டுபிடித்த நாயின் பெயரை அது விடாமல் சொல்லியிருப்பது. 1940 செப்டம்பரில் ரோபோ என்ற நாய் குழிக்குள் போனதாகச் சொல்லப்படும் கதை எந்த அளவுக்கு உண்மை என்பதே ஐயத்துக்குரியது. அதற்கு இடமிருந்த எட்டுப் பக்கத்தில், 1957-இல் ரயிலில் போகும்போது தூரத்துப் பாறைகளைக் கண்டு, இறங்கி நடந்து, மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா பாறை ஓவியங்களை உலகுக்குக் காட்டிய தொல்லியலாளர் வாகணகரின் பெயருக்கு இடமில்லை. நான் ஓய்வுபெற்ற ஆண்டில் போபாலுக்கு ரயிலேறி அந்தப் பாறை ஒதுக்குகளைப் பார்த்துவிட்டு வந்தவன். விலங்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக, தலைமுறைமேல் தலைமுறையாக வரையப்பட்டிருக்கும் ஒரே பாறையின் முன் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அல்தமிரா ஓவியங்கள் கண்டறியப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, 1867-68-இல் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பகுதியின் சோஹாகிகாட்டில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கார்லைல் பாறை ஓவியங்களைக் கண்டு, அவை தொல்பழங்காலத்தவை என்றும் உணர்ந்திருந்தார். அவர் வெளியிடாமல் விட்ட குறிப்புகள் 1906-இல்தான் அச்சேறின என்பது அவருடைய துரதிர்ஷ்டம். 'ஐரோப்பாவில் பிறந்த கலை' என்று தலைப்புக்குக் கீழே போட்டிருக்கிறீர்களே, இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் ஒரு காட்டுப்பன்றியும் மூன்று மனித உருவங்களும் கொண்ட ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024-இல் வெளியான செய்தி தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லையா?

இதே பீம்பேட்காவில் 55 கோடி ஆண்டுப் பழைய உயிரினத்தின் புதைபடிவம் கிடைத்துவிட்டதென்று 2021-இல் அரைப் பக்கம் போட்டீர்கள். அது உதிர்ந்துபோன தேன்கூட்டின் தடம் என்று 2023-இல் தெளிவானபோது ஒரு வரியும் வரவில்லை. தேன்கூட்டால் யாருக்கும் நட்டமில்லை என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் பொங்கல் மலரில், நம் மாநிலத்துப் பாறை ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் வண்ணம் பளிச்சென்று தெரியும் என்று ஒரு யோசனை சொன்னீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. இருபது ஆண்டாக நான் போய்வரும் பாறை ஒதுக்கு ஒன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன்; எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெயிண்ட் டப்பாவோடு ஒரு கூட்டம் கிளம்பிவிடும். அங்கே செங்காவியில் ஒரு மான் உண்டு. மலர் வந்த மாதம் போனபோது கீழே பதினோரு தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. தண்ணீர் வழிந்து காய்ந்த இடத்தில் உப்புப் பூத்து, மானின் கொம்பின்மேல் வெள்ளைப் படலம் கட்டியிருந்தது. அது இன்றுவரை போகவில்லை. 1950-களில் சகாராவின் தசிலி மலையில் பிரதியெடுக்கப் போன குழுவினர் ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்தே பல ஓவியங்களை மங்கச் செய்ததைத் தாங்கள் அறிவீர்கள். லாஸ்கோவிலோ, நாளொன்றுக்கு 1,200 பேர் விட்ட மூச்சுக்காற்றைச் சுவர் தாங்கவில்லை என்று 1963-இல் குகையையே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். அப்போதே இவற்றையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பினேன். அந்த வாரம் மலரின் அட்டைப்படத்தைப் பாராட்டிய ஐந்து கடிதங்கள் வெளியாகியிருந்தன.

அல்தமிராவின் ஓவியங்களை 1879-இல் சௌதுவோலா என்ற ஸ்பானியத் தொல்லியல் ஆர்வலருக்குக் காட்டியது அவருடைய சின்னஞ்சிறு மகள் மரியா. அவர் வெளியிட்டபோது, ஆதிமனிதனுக்கு இவ்வளவு திறமை ஏது, இது இந்தக் காலத்து ஓவியன் செய்த மோசடி என்று பெரிய அறிஞர்கள் தள்ளிவிட்டார்கள். அவர் 1888-இல் அந்தப் பழியோடு இறந்தார். மறுத்தவர்களில் முதன்மையானவரான பிரெஞ்சு அறிஞர் கார்த்தையாக் 1902-இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டு பத்திரிகையில் எழுதினார். தங்கள் கட்டுரையாளரிடம் அதை நான் கேட்கவில்லை. எனக்கும் எழுபது வயது நெருங்குகிறது, அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.

நான் கேட்பது இரண்டுதான். நான்காம் பக்கத்தில் லாஸ்கோ என்று குறிப்பிட்டிருக்கும் படத்தில் இருப்பது அல்தமிராவின் காட்டெருமை. பெயரை மாற்றிப் போடுங்கள். அதன் கீழே, பாறை ஓவியங்களின்மேல் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடப் பற்றாக்குறை இருந்தால் இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வெளியிட்டாலும் எனக்குச் சம்மதமே.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்