பீச்சிங் மேல பழியப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த இங்கிலாந்து பயணக் கட்டுரைல லிண்டன் – பார்ன்ஸ்டபிள் ரயிலப் பத்தி ரெண்டு வரி இருந்துச்சு. டெவன் பக்கம் ஓடுன அந்தக் குட்டி ரயிலையும் பிரிட்டிஷ் ரயில்வே தலைவரா இருந்த டாக்டர் பீச்சிங் தான் இழுத்து மூடிட்டாராம். பாவம் அந்த மனுஷன். நஷ்டத்துல ஓடுற லைன்கள மூடச் சொன்ன அவர் அறிக்கை வந்தது 1963ல, இந்த லைன்ல கடைசி வண்டி ஓடுனது 1935 செப்டம்பர் 29. அப்ப பீச்சிங்குக்கு 22 வயசு தாங்க. இந்த ஊர்ல எங்க தண்டவாளத்தக் காணோம்னாலும் அவர் தலைல கட்டிடுறதே வழக்கமாப் போச்சு.

கதை வேற. ஜார்ஜ் நியூன்ஸ்னு ஒருத்தர், உங்க தொழில்காரர் தான், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகை அவரோடது. காசு சேர்ந்ததும் லிண்டன்ல மலை மேல பங்களா கட்டிக்கிட்டார், கீழ கடற்கரைல இருக்குற லின்மத்துக்கு எறங்க 1890லயே ஒரு மலை ரயிலுக்குப் பணம் போட்டார். மேல நிக்கிற பெட்டியோட தொட்டில தண்ணிய நெரப்புனா அந்தப் பாரத்துல அது எறங்கும், கீழ இருக்குற பெட்டி மேல வரும், அவ்ளோ தான் டெக்னாலஜி. அது இன்னைக்கும் ஓடுது.

அடுத்து வெளியூர் ஆளுங்கள லிண்டனுக்குக் கொண்டு வரணும்ல, அதுக்குத் தான் 1898 மே மாசம் இந்த லைன். தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு அடி கூட முழுசா இல்ல, அரை இஞ்ச் கம்மி. மேடும் பள்ளமுமான ஊரு, அதனால மலையோட வளைஞ்சு வளைஞ்சு 19 மைல், போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். செல்ஃபம்ங்கிற இடத்துல எட்டு வளைவு வச்சு 70 அடி உயரத்துக்குப் பாலம் கட்டுனாங்க, கட்டுரையாளர் அதையாச்சும் போய்ப் பாத்திருக்கலாம். இஞ்சினுக்கெல்லாம் யோ, எக்ஸ், டா, லின்னு அந்தப் பக்கத்து ஆத்துப் பேரு. இதுல லின் மட்டும் அமெரிக்காக்காரன், ஏன்னா அப்ப இங்க இஞ்சினியரிங் கம்பெனிகள்ல வேலை நின்னு போய் ஆர்டர் எடுக்க ஆளில்ல, ஃபிலடெல்ஃபியாவுல பால்ட்வின் கம்பெனிகிட்ட வாங்கினாங்க.

இவ்ளோ செஞ்சவங்க ஸ்டேஷன வச்ச லட்சணம் தான் எனக்குத் தாங்கல. லிண்டன் ஸ்டேஷன் ஊருக்குள்ள இல்ல, ஊர் அழகு கெட்டுரும்னு மேல மேட்டுல ஒதுக்குப்புறமா வச்சாங்கன்னு சொல்வாங்க. ஒன்றரை மணி நேரம் ஆடி ஆடி வந்தவன் பொட்டியத் தூக்கிட்டு மறுபடி நடக்கணும். வுடி பே ஸ்டேஷன்னு பேரு, ஆனா கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரத்துல இருக்கு, பேர்ல இருக்குற கடற்கரைக்கு மைல் கணக்குல நடக்கணும். அப்புறம் பஸ் வந்துச்சு, வாசல்லயே ஏத்தி வாசல்லயே எறக்கி விட்டான், எவன் ரயில்ல போவான்? 1923ல சதர்ன் ரயில்வே கைக்கு மாறி, ரெண்டு வருஷத்துல லூன்னு புது இஞ்சின் கூட வந்துச்சு, ஒண்ணும் எடுபடல. மூடக்கூடாதுன்னு பார்ன்ஸ்டபிள்ல மீட்டிங் போட்டப்ப லிண்டன்காரங்களே அதுக்குக் கார்ல தான் வந்தாங்கன்னு ஒரு கதை இன்னமும் சொல்றாங்க. கொன்னது யாருன்னு இப்ப நீங்களே சொல்லுங்க.

கடைசி வண்டி போன மறுநாள் ரிட்டயர்டு கேப்டன் ஒருத்தர் பார்ன்ஸ்டபிள் ஸ்டேஷன்ல தண்டவாளம் முடியுற இடத்துல மலர் வளையம் வச்சுட்டுப் போனார். கூடவே ஒரு அட்டை, ‘சாகல, தூங்குதோ என்னமோ’ங்கிற மாதிரி எழுதி. அதுக்கப்புறம் ஏலம். லூ மட்டும் கப்பலேறி பிரேசில் போச்சு, அதுக்கு மேல அது என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. மத்த நாலையும் உடைச்சுட்டாங்க. பெட்டிங்க சிலது தோட்டத்துல சாமான் போடுற கொட்டகையாப் போச்சு.

அந்தக் கொட்டகைங்கள ஆர்வலர்கள் தேடிப் புடிச்சு, மிஞ்சுன மரத்தையும் சேத்து மறுபடி பெட்டியாக் கட்டியிருக்காங்க. 2004லேர்ந்து வுடி பே ஸ்டேஷன்ல ரயில் ஓடுது, ஒரு மைல் மாதிரி தான், போயிட்டு அப்டியே திரும்பி வரும். போன வருஷம் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போனேன். நல்ல தூறல், ஜன்னல எறக்குனா கரிப்புகையும் ஈர மண் வாசமும் ஒண்ணா உள்ள வருது, சின்னவ மூக்கப் பொத்திக்கிட்டா, ஆனா எறங்க மாட்டேன்னு அடம். பெஞ்சுக்குப் பக்கத்துல பழைய பலகையும் புதுப் பலகையும் சேர்ற எடம் கையில தடவுனா தெரியுது.

நாங்களும் அங்க கார்ல தான் போனோம், அத மறைக்க விரும்பல.

அடுத்த இதழ்ல ஒரு சின்னத் திருத்தம் போட்டுருங்க சார்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்,
பிரிஸ்டல்