கிராம்புத் தெருவும் புளி மண்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டன் பழைய துறைமுகப் பகுதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடிக் கோபுரங்களைப் பற்றி நிறைய இருந்தது. அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று இரண்டு வரிகூட இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கம் நடந்தே சுற்றியவன், அதனால் எழுதுகிறேன்.

நம் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதே கம்பெனியின் கப்பல்களுக்காக 1806-ல் லண்டன் பிளாக்வாலில் திறந்ததுதான் ஈஸ்ட் இந்தியா டாக் என்ற கப்பல்துறை. இறக்கிய சரக்கை வண்டியேற்றி, நகருக்குள் இருந்த கம்பெனிக் கிடங்குகளுக்குக் கொண்டுபோவார்கள். 1943-ல் அதன் ஒரு பகுதித் தண்ணீரை இறைத்துவிட்டு, நார்மண்டிப் படையெடுப்புக்கான கான்கிரீட் மிதவைகளை உள்ளே கட்டினார்கள். 1967-ல் டாக்கை மூடினார்கள். இன்று அங்கே அலுவலகங்கள்தான். ஆனால் தெருப் பலகைகளைப் பாருங்கள்: க்ளோவ் கிரசென்ட், நட்மெக் லேன், சாஃப்ரன் அவென்யூ. கிராம்பு, ஜாதிக்காய், குங்குமப்பூ! பழைய மதிலிலும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துச் சாலையில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழுக்கு 1988-ல் நிக்கோலஸ் கிரிம்ஷா வடிவமைத்த அச்சகம் இருக்கிறது. முகப்பே நீளமான கண்ணாடிச் சுவர். அச்சு இயந்திரம் ஓடுவது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும். அதுவும் சில வருடம்தான். இப்போது அந்தக் கட்டடம் டேட்டா சென்டர்.

அங்கே நின்றபோது எனக்குப் பழையபேட்டைதான் நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் நான் கணக்கெழுதிய புளி மண்டியைப் போன வருடம் இடித்துவிட்டார்கள். தராசு தொங்கிய இரும்புக் கொக்கி, மூட்டை உரசி உரசி வழவழப்பான தேக்குத் தூண், செருப்பில் ஒட்டும் கறுத்த தரை எல்லாம் ஒரே நாளில் லாரியில் போயின. சரி, இடம் அவர்களுடையது, காம்ப்ளெக்ஸ் கட்டட்டும். ஆனால் அங்கே மண்டி இருந்ததற்கு ஒரு பலகை வேண்டாமா? ஒரு போட்டோகூட யாரிடமும் இல்லை.

மிச்சமிருக்கும் மண்டிகளையாவது உங்கள் புகைப்படக்காரரை அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஊர்ப் புளி எந்தக் கடையில் இறங்கியது என்று நான் கூடவே நடந்து சொல்கிறேன். காலையிலேயே வரச் சொல்லுங்கள். கொட்டை தட்டும் பெண்கள் அப்போது வேலையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி