என் டப்பா மேல இருந்த சீட்டை போட்டோ எடுத்த தம்பிங்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிங்களா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா. உங்க கூட்டத்துல ஒரு தங்கச்சியும் இருக்கு, அதுக்கும் சேத்துதான் எழுதுறேன்.

போன சனிக்கிழமை துப்பாக்கி சுடுற ரேஞ்சுல சீஸ்ஃபயர் (எல்லாரும் சுடறதை நிறுத்துங்கன்னு) சொன்னதும் நான் டார்கெட் பாக்க நடந்து போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள பெஞ்சுல இருந்த என் அம்மோ (ரவுண்டு வைக்கற) டப்பா மூடில ஒட்டியிருந்த சீட்டை யாரோ போட்டோ எடுத்துட்டீங்க. சீஸ்ஃபயர் நேரத்துல பெஞ்சு பக்கமே யாரும் போகக்கூடாதுங்கறது தனிக் கதை, அதை ரேஞ்ச் ஆபீசர் பாத்துக்குவாரு. யாரு எடுத்ததுன்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். ஆனா அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு பேரு போன் பண்ணி "அண்ணா அந்த 4895 லோட்டு சூப்பரா இருக்கே, நாங்களும் அதையே போட்டுக்கறோம்"னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு வயித்தை கலக்குச்சு.

நான் சுட்ட காலி கேஸ்ல, அதாவது பித்தளைக் கூட்டுல, திரும்ப மருந்தும் புல்லட்டும் போட்டு வீட்டுலயே ரவுண்டு பண்றவன், இதுக்குப் பேரு ரீலோடிங், அந்த சேர்மானத்தைத்தான் லோட்டுங்கறோம். அந்த சீட்டுல மொத்தம் நாலு வரி. .308ன்னு ரவுண்டோட வகை, 168 கிரெய்ன் (எடை) புல்லட், 4895ன்னு பவுடர் பேரு, அப்புறம் எவ்ளோ பவுடர்ங்கற சார்ஜ் நம்பர். அது எனக்காக நானே கிறுக்கி வச்சது, ஊருக்கு எழுதினது இல்ல. 4895ன்னு கேட்டா கடையில ரெண்டு டப்பா இருக்கு, ஹெச்4895 ஒண்ணு, ஐஎம்ஆர் 4895 ஒண்ணு. நம்பர் அதேதான், மருந்து வேற, ரீலோடிங் மேனுவல்ல டேட்டாவும் வேற. 4350லயும் இதே கூத்து, 4831லயும் இதே கூத்து. ஒரே தெருவுல ரெண்டு முருகேசன் இருந்தா கடன் வசூல் பண்ண வர்றவன் தப்பான வீட்டு கதவை தட்டுவான்ல, அந்த மாதிரி. என் வீட்டுல எது இருக்குன்னு எனக்கு தெரியும்ங்கறதால நான் முழுப் பேரு எழுதல, அது என் சோம்பேறித்தனம்தான், இப்ப எல்லா சீட்டையும் கிழிச்சுட்டு முழுசா எழுதிட்டேன். அதுல ஒரு தம்பி வச்சிருக்கறது 6.5 க்ரீட்மோர், ரவுண்டே வேற, அவனுக்கு என் .308 சீட்டு எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

நம்ம தமிழ்ல துப்பாக்கிக்குள்ள போடுறதுக்கும் மருந்துன்னுதான் பேரு, டாக்டர் எழுதிக் குடுக்கறதுக்கும் மருந்துன்னுதான் பேரு. பக்கத்து வீட்டு மாமாவுக்கு பிரஷருக்கு எழுதிக் குடுத்த சீட்டை போட்டோ எடுத்துட்டு போயி மெடிக்கல்ல வாங்கி முழுங்குவீங்களா? இங்கயும் பிரச்சனை பிரஷர்தான். .308க்கும் 6.5 க்ரீட்மோருக்கும் சாமின்னு (SAAMI) சொல்ற, ரவுண்டுக்கெல்லாம் அளவு வைக்கற அந்த அமெரிக்க அமைப்பு வச்சிருக்கற உச்ச பிரஷர் 62,000 பிஎஸ்ஐ, .223ங்கற சின்ன ரவுண்டுக்கு 55,000. உங்க கார் டயர்ல 32 இருக்கும். அதை மாதிரி ரெண்டாயிரம் மடங்கு கிட்ட, உங்க கன்னத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல.

நானும் ஒரு காலத்துல சீட்டு வாங்கினவன்தான், அதனாலதான் இவ்ளோ கத்துறேன். ரீலோடிங் ஆரம்பிச்ச முதல் வருஷம் கூட சுடுற ஒரு பெரியவர் கிட்ட அவரோட சார்ஜை கேட்டு வாங்கி, அதே பவுடர், அதே புல்லட், அதே பிரைமர் (கேஸ் அடில இருந்து மருந்தை பத்த வைக்கற சின்ன மூடி) எல்லாம் கரெக்டா வாங்கி, அவர் சொன்ன நம்பரையே முதல் நாளே போட்டு 20 ரவுண்டு பண்ணி எடுத்துட்டு போனேன். ஒரே ஒரு விஷயம், அவர் கேஸ் கடையில வாங்குன சாதா கேஸ், நான் ரேஞ்சுல பொறுக்கின மிலிட்டரி கேஸ். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அந்த மிலிட்டரி கேஸோட சுவர் தடிமன் ஜாஸ்தி, உள்ள இடம் கம்மி, அதே அளவு மருந்து குறுகலான இடத்துல எரிஞ்சா பிரஷர் எங்க போகும். முதல் ரவுண்டு சுட்டேன், சத்தத்துல ஒரு வித்தியாசமும் தெரியல. ரவுண்டுக்கு பின்னாடி கதவு மாதிரி மூடுற போல்ட்டை தூக்கறேன், வரல. ரெண்டு கையால தூக்கறேன், வரல. கடைசில ரப்பர் சுத்தியால தட்டித்தான் திறந்தது. வெளிய வந்த கேஸோட அடிப்பக்கம், காலி கேஸை வெளிய தள்ளற எஜெக்டரோட ஓட்டை அப்படியே வட்டமா பளபளன்னு அச்சு குத்தினாப்ல, பிரைமர் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையா. பக்கத்து பெஞ்சு ஆளு எட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம தன் ரைஃபிளை எடுத்துக்கிட்டு நாலு பெஞ்சு தள்ளிப் போயி உக்காந்தாரு. மிச்சம் 19 ரவுண்டையும் வீட்டுக்கு கொண்டு வந்து ஒவ்வொண்ணா, புல்லட்டை உருவற புல்லரை வச்சு பிரிச்சேன், ராத்திரி ஒரு மணி ஆச்சு.

அந்த பெரியவர் மேல தப்பே இல்ல, அவர் ரைஃபிள்ல அது இன்னிக்கும் அருமையா ஓடுது. கேஸ் மாறினா பிரஷர் மாறும், பிரைமர் பிராண்டு மாறினா மாறும், அதே எடை வேற கம்பெனி புல்லட் போட்டா மாறும், அதே பவுடரோட அடுத்த பேட்ச் டப்பா திறந்தாலே கொஞ்சம் மாறும். புல்லட் ரைஃபிளிங்கை (பேரல் உள்ள இருக்கற சுருள் வரிய) தொட்டுக்கிட்டு நின்னா பிரஷர் ஏறும், ரைஃபிளிங் எங்க ஆரம்பிக்குதுங்கறது சேம்பருக்கு (ரவுண்டு உக்காருற அறைக்கு) சேம்பர் வேற. என் ரைஃபிள்ல நான் ஒவ்வொரு ரவுண்டா கையால போட்டு சுடுறேன், அதனால மேகசீன் நீளத்தைப் பத்தி கவலை இல்லாம புல்லட்டை கேஸ்ல வெளிய தள்ளி உக்கார வைப்பேன். உங்க மேகசீன்ல 2.8 இன்ச்சுக்கு மேல நீளமான ரவுண்டு போகாது, அப்ப நீங்க புல்லட்டை உள்ள அமுக்கணும், உள்ள அமுக்கினா கேஸ்ல இடம் கம்மி. இதெல்லாம் அந்த போட்டோல எங்கயாவது தெரியுதா?

சரி, அப்ப என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. மேனுவல் வாங்குங்க, ஒண்ணு இல்ல ரெண்டு. ஹார்னடி, சியரா, லைமன் ஏதோ ஒண்ணு, கூடவே பவுடர் கம்பெனியோட சொந்த டேட்டா. ரெண்டுலயும் மேக்ஸிமம் வேற வேறயா இருக்கும், பதறாதீங்க, அவங்க ரைஃபிளும் கேஸும் வேற. எதுல மேக்ஸிமம் கம்மியோ அதுல போட்டிருக்கற ஸ்டார்ட் சார்ஜ்லேர்ந்து ஆரம்பிங்க. ஸ்டார்ட் சார்ஜ்னு தனியா போடலைன்னா மேக்ஸிமத்துல 10 சதவீதம் குறைச்சுக்கங்க. அதுக்குன்னு ஸ்டார்ட்டுக்கும் கீழ போயிடாதீங்க, மெதுவா எரியற பவுடரை ரொம்ப கம்மியா போட்டாலும் ஏடாகூடமா பிரஷர் எகிறின கதையெல்லாம் உண்டு.

அங்கேர்ந்து .308 சைஸ் கேஸ்ல 0.3 கிரெய்ன் படியா ஏறுங்க, ஒரு படிக்கு ஒண்ணு ரெண்டு ரவுண்டு போதும். (கிரெய்ன்னா தானியம்னுதான் அர்த்தம், 7000 சேந்தா ஒரு பவுண்டு, ஊர்ல குந்துமணி வச்சு தங்கம் நிறுத்த மாதிரின்னு வச்சுக்கங்க.) கம்மியானதை முதல்ல சுடணும், ஒவ்வொரு ரவுண்டுக்கும் கேஸை கையில எடுத்து அடிப்பக்கம் பாக்கணும், போல்ட் தூக்கும்போது கை என்ன சொல்லுதுன்னு கவனிக்கணும். கொஞ்சம் இறுக்கமா இருந்தாலே அன்னிக்கு கடை மூடிடுங்க, "இன்னும் ரெண்டுதானே இருக்கு சுட்டு முடிச்சுருவோம்"ங்கற பேச்சே வேணாம், வீட்டுக்கு போயி பிரிங்க.

ஆனா இதுல ஒரு வம்பு இருக்கு, இதை நிறைய பேரு சொல்ல மாட்டேங்கறாங்க. போல்ட் இறுகுது, பிரைமர் தட்டையாகுதுங்கற அடையாளமெல்லாம் லேட்டா வர்ற சேதி, அது தெரியறப்ப நீங்க ஏற்கனவே எல்லைய தாண்டி ரொம்ப தூரம் போயிருப்பீங்க. சாஃப்டான பிரைமர் நல்ல லோட்டுலயும் தட்டையாகும், கெட்டியான பிரைமர் மோசமான லோட்டுலயும் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அதனால புல்லட் வேகத்தை அளக்கற க்ரோனோகிராஃப் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். மேனுவல்ல மேக்ஸிமம் சார்ஜுக்கு ஒரு வேகம் போட்டிருப்பான், எத்தனை இன்ச் பேரல்னும் போட்டிருப்பான். உங்க பேரல் நீளத்துக்கு தக்க கழிச்சுட்டு பாருங்க. அந்த வேகம் உங்களுக்கு ஒரு கிரெய்ன் முன்னாடியே வந்துடுச்சுன்னா, உங்க ரைஃபிளுக்கு மேக்ஸிமம் அங்கேயே வந்துடுச்சு. புக்குல இன்னும் இடம் இருக்கேன்னு ஏறாதீங்க. வேகம் ஓசில வராது தம்பி, பிரஷர் குடுத்துத்தான் வாங்கணும்.

குரூப் விஷயத்துக்கு, அதாவது ஓட்டைங்க எவ்ளோ நெருக்கமா விழுதுங்கறதுக்கு வர்றேன். மூணு ரவுண்டு சுட்டு ஒரே ஓட்டைல போச்சுன்னு போட்டோ அனுப்புறீங்க, சந்தோஷம், ஆனா அதை வச்சு லோட்டை முடிவு பண்ணாதீங்க. நான் ஒரே லோட்டு, ஒரே நாள், ஒரே பெஞ்சுல அஞ்சஞ்சு ரவுண்டா நாலு குரூப் சுட்டேன், 100 யார்டுல. சின்னது அரை இன்ச், பெருசு ஒரு இன்ச்சுக்கு மேல. சின்னதை மட்டும் பாத்திருந்தா கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சிருப்பேன், பெருசை மட்டும் பாத்திருந்தா தூக்கி குப்பைல போட்டிருப்பேன். பத்து இருபது ரவுண்டு சுட்டா மட்டும்தான் லோட்டு தன் குணத்தை காட்டும். நீளமான தூரத்துக்கு போறவங்களுக்கு வேகம் எவ்ளோ ஒரே சீரா இருக்குங்கறதும் முக்கியம், 100 யார்டுல அது கண்ணுக்கே தெரியாது, 1000 யார்டுல .308க்கு நொடிக்கு 20 அடி வேகம் கூடக் குறைய போனா அரை அடி மேல கீழ போயிடும், எஃப் கிளாஸ்ங்கற நீளமான தூரப் போட்டி டார்கெட்டுல 10 ரிங்கே மொத்தம் 10 இன்ச்தான்.

அந்த சீரான வேகத்துக்கு ஆளுக்காளு மந்திரம் சொல்வாங்க. என் அனுபவத்துல பாதி, பவுடரை எடை போடுற ஸ்கேல்தான். என் எலக்ட்ரானிக் ஸ்கேல் ஒரு நாள் ஒரே தட்டை வச்சு எடுத்து வச்சு எடுத்து பாத்தா 0.3 கிரெய்ன் ஆடுது, அரை நாள் மண்டைய பிச்சுக்கிட்டேன், கடைசில பாத்தா மேல ஏசி வென்ட், காத்து தட்டுல அடிக்குது. இடத்தை மாத்தினேன், சரியாச்சு. செக் வெயிட் (எடை சரியா தெரிஞ்ச சின்ன கல்லு) வச்சுக்கங்க, உக்காரும்போது ஒரு தடவை, பத்து கேஸுக்கு ஒரு தடவை பாருங்க.

கேஸ் வேலை பத்தி எழுத ஆரம்பிச்சா விடிஞ்சுடும். கேஸோட தோள்பட்டைய (கழுத்துக்கு கீழ சரிவா இருக்கற பாகத்தை) ரெண்டு தௌ, அதாவது ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ரெண்டு பங்கு, ஒரு தலைமுடி அளவுதான் பின்னாடி தள்ளணும், அதுக்கு மேல தள்ளினா ஒவ்வொரு தடவையும் கேஸ் இழுபட்டு அடிப்பக்கம் மெலிஞ்சு ஒரு நாள் ரெண்டா பிஞ்சு வரும். ஜெம் கிளிப் ஒண்ணை நிமித்தி நுனிய மட்டும் லேசா வளைச்சு கேஸ் உள்ள விட்டு சுவர் மேல இழுத்துப் பாருங்க, அடில இருந்து கொஞ்சம் மேல பள்ளத்துல மாட்டுற மாதிரி தடுக்குச்சுன்னா அந்த கேஸை நசுக்கி போட்டுடுங்க. நீளமும் அளக்கணும், .308க்கு 2.015 இன்ச் தாண்டக்கூடாது. பிரைமர் கேஸ் அடிமட்டத்துக்கு ஒரு இழை உள்ள போயி உக்காரணும், துருத்திக்கிட்டு நிக்கக்கூடாது, உங்கள்ல எம்1ஏ ரைஃபிள் வச்சிருக்கற ஆளுக்கு இது ரொம்ப முக்கியம், அந்த மாதிரி அடுத்த ரவுண்டை தானே ஏத்திக்கற செமி ஆட்டோல துருத்தின பிரைமர் போல்ட் மூடும்போதே வெடிச்சா கதை கந்தல்.

பெஞ்சு மேல எப்பவும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும். வேலை முடிஞ்சதும் பவுடர் அளந்து ஊத்துற மெஷர்ல மிச்சம் இருக்கறதை அதே டப்பால கொட்டி மூடி எடுத்து வச்சிட்டுத்தான் அடுத்தது. ஒரு தடவை நான் போன் பேசிக்கிட்டே மிச்சத்தை வேற டப்பால கொட்டிட்டேன். ரெண்டும் கருப்பு குச்சி குச்சியா ஒரே மாதிரி இருக்கு, பிரிக்க வழியே இல்ல. ஒரு பவுண்டு மருந்தையும் பின்னாடி புல்லுல மெலிசா தூவினேன், வீட்டம்மா மட்டும் "ஆஃபீஸ் போற மனுஷன் சிவகாசி வேலை எதுக்கு பாக்கணும்"னு இன்னிக்கு வரைக்கும் கேக்கறாங்க. ஊர்ல கேட்டா இளவேனில் சுடுறாளே அந்த மாதிரியான்னு கேக்கறாங்க, அது ஏர் ரைஃபிள் அத்தை, அதுல மருந்தே கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்றது.

அப்புறம் டெக்சாஸ் வெயில். ஜனவரில குளிர்ல மேக்ஸிமம் வரைக்கும் ஏத்தி வச்ச லோட்டை ஆகஸ்ட்ல கார் டிக்கில ரெண்டு மணி நேரம் வேக விட்டு சுட்டா அது வேற லோட்டு. வெயில் தாங்குற பவுடர்னு போட்டிருந்தாலும் கொஞ்சம் இடம் விட்டே வைங்க, டப்பாவ நிழல்ல வைங்க, சூடான சேம்பர்ல ரவுண்டை போட்டுட்டு காத்து அடங்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. லோட் பண்ணி முடிச்சா சோப்பு போட்டு கை கழுவிட்டு சாப்பிடுங்க, பிரைமர்ல ஈயம் இருக்கு.

அந்த போட்டோவை அழிச்சிடுங்க. வர்ற சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு உங்க ரைஃபிள்ல சுட்ட கேஸ் ஆளுக்கு பதினஞ்சு, எந்த பவுடர் வாங்கியிருக்கீங்களோ அந்த டப்பாவோட லேபிள் முழுசா தெரியற மாதிரி ஒரு போட்டோ, இது ரெண்டையும் கொண்டு வாங்க. காலிப்பர், கம்பாரேட்டர்னு அளக்கற சாமானெல்லாம், ரெண்டு மேனுவல், க்ரோனோகிராஃப் நான் எடுத்துட்டு வர்றேன், இட்லி வீட்டுல இருந்து வரும். உங்க சேம்பர்ல ரைஃபிளிங் எங்க ஆரம்பிக்குதுன்னு அளந்துட்டு அங்கேர்ந்து ஆரம்பிப்போம். 6.5 க்ரீட்மோர் தம்பி, நீ தனியா ஒரு நோட்டு வாங்கிட்டு வா.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சு அண்ணன்