முதல் அலகை ஓடவிடும் முன் கணக்கைக் காட்டுங்கள்

பெறுநர்: தலைவர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மும்பை; செயலாளர், அணுசக்தித் துறை, மும்பை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 2018 ஜனவரி கடைசியில் நின்றது. ஏழாண்டுகளைத் தாண்டியும் அது எழவில்லை. சர்வதேச அணுசக்தி முகமை, இயக்கம் நிறுத்திவைக்கப்பட்ட உலைகளின் வரிசையில் தாராப்பூரின் இரண்டு பழைய உலைகளோடும் ராஜஸ்தானின் முதல் உலையோடும் இதையும் சேர்த்தது. இதை மறுபடி ஓடவிடுவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்த முடிவுக்கு முன்னால் நாங்கள் இரண்டு காகிதங்களைப் பார்த்தாக வேண்டும். ஒன்று சோதனை அறிக்கை, மற்றது செலவுக் கணக்கு. அதற்காகத்தான் இந்த மடல்.

அணுமின் நிலையத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே இடிந்தகரைப் போராட்டக்காரன் என்று முத்திரை குத்துவது இங்கே வழக்கம். நான் மூடச் சொல்லி எழுதவில்லை. 1983 ஜூலையில் இந்த உலை உயிர்பெற்றபோது இந்தியப் பொறியாளர்களே கட்டிமுடித்த முதல் அணுமின் நிலையம் என்று இந்த ஊர் பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில் பொய்யில்லை. ஆனால் 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய உலை அது. நாற்பதைத் தாண்டிவிட்டது. கனநீர் (உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் நீர்) உள்ளே வரும் குழாய் அமைப்பு 1980களின் இறுதியில் உடைந்ததால் 235 மெகாவாட்டுக்குக் கட்டியதை 170க்குக் குறைத்துத்தான் பல ஆண்டுகள் ஓட்டினீர்கள். பிறகு குளிர்விப்புக் குழாய்களை மொத்தமாக மாற்றி 220க்குக் கொண்டுவந்தீர்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்ததால்தான் 2004 சுனாமி வந்தபோது முதல் அலகு நின்றிருந்தது, இரண்டாவது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பத்திரமாக நிறுத்திய ஊழியர்களுக்கு இந்தக் கடற்கரை கடமைப்பட்டிருக்கிறது.

அப்போது போட்ட புதுக் குழாய்களுக்கும் இப்போது இருபது வயது ஆகிவிட்டது. குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2016 மார்ச் 11 அன்று முதல் அலகில் ஒரு குழாயில் கசிவு. முந்தைய ஜூலையில் இரண்டாவது அலகிலும் அப்படித்தான். பிரித்துப் பார்த்தபோது, யாரும் எதிர்பாராத வகையில் குழாய்களின் வெளிப்புறத்தில் அரிப்புப் புள்ளிகள். கடைசியில் இரண்டு அலகுகளிலும் எல்லாக் குழாய்களையும் மாற்றினீர்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு கல்பாக்கத்தின் 306 குழாய்களில் எத்தனையைப் பார்த்தீர்கள், எந்த முறையில் பார்த்தீர்கள், என்ன கிடைத்தது?

ஓடும்போது ஏற்படும் தேய்மானம் ஒரு பக்கம். நிற்பதாலும் உலை கெடும். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள பாலிசேட்ஸ் உலை 2022 மே மாதத்தில் மூடப்பட்டது. அதை வாங்கிய ஹோல்டெக் நிறுவனம் மறுபடி ஓட்டுவதற்காக நீராவி உற்பத்திக் கலன்களைச் சோதித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களில் பழுதின் அறிகுறிகள் தெரிந்தன. அரசு கடன் உத்தரவாதமாக 152 கோடி டாலர் நிற்கிற திட்டம் அது. ஓட்டியே தீர வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. இருந்தும் 2024 செப்டம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தச் சோதனை முடிவைப் பொதுவில் வெளியிட்டது. உலையை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எங்களுக்கு அந்தக் காகிதம்தான் வேண்டும், தமிழில்.

அப்புறம், பணம்.

அணுமின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் மட்டுமே விலை என்பதால் நின்றுபோன உலைக்காக நாங்கள் நேரடியாக எதுவும் கட்டவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் 220 மெகாவாட் ஓர் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் சுமார் 193 கோடி யூனிட். அது வராதபோது மின்வாரியம் அந்த மின்சாரத்தை வேறெங்கோ வாங்கித்தான் ஆகவேண்டும். உலை மறுபடி ஓடத் தொடங்கினால் பழுதுபார்த்த செலவு விலைக்குள் நுழையும். எவ்வளவு நுழையும், எத்தனை ஆண்டுகளில் வசூலாகும்? அனல்மின் கட்டணமென்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு வரும், ஆட்சேபம் சொல்லலாம். அணுமின்சாரத்துக்கோ 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின்படி இத்தனை காலமும் உங்கள் துறையே விலை வைத்தது. விற்பவரும் விலை வைப்பவரும் ஒரே குடும்பம்.

இன்னொன்று. உலையைக் கடைசியில் பிரித்து அகற்றிக் கலைப்பதற்கென்று யூனிட்டுக்கு 2 பைசா வசூலிக்கிறீர்கள். முழு ஆண்டும் ஓடினால்கூட இந்த ஓர் அலகிலிருந்து அது நான்கு கோடி ரூபாயைத் தொடாது. ஓடாத ஆண்டுகளில் பூஜ்யம். அந்த நிதியில் இந்த அலகின் பங்கு இப்போது எவ்வளவு, கலைக்க எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக் காட்டுங்கள்.

கலிபோர்னியாவில் ஒரு பெரிய மின்நிலையம் தொடர்ந்து ஒன்பது மாதம் நின்றால், அதன் செலவை நுகர்வோர் தலையில் வைக்கலாமா என்று மாநில ஆணையம் விசாரித்தாக வேண்டும். 2012 ஜனவரியில் சான் ஒனோஃப்ரே நிலையத்தில், போட்டுச் சில ஆண்டுகளே ஆன நீராவி உற்பத்திக் கலனில் கசிவு வந்தது. இரண்டாவது அலகை 70 சதவீதத் திறனில் ஓட்டிப் பார்க்கிறோம் என்று நிறுவனம் கேட்டது. கேள்விகள் அடங்கவில்லை. 2013 ஜூனில் அவர்களே மூடிவிட்டார்கள். அப்படியும் அடுத்த ஆண்டு உடன்பாட்டில் 470 கோடி டாலர் செலவில் 330 கோடி நுகர்வோர் பக்கம்தான் போனது. பிறகு அதைத் திருத்த வேண்டியிருந்தது. விசாரணை நடந்த ஊரிலேயே இந்த நிலை. விசாரணையே இல்லாத இடத்தில்?

எங்கள் பயத்துக்கு உள்ளூரிலேயே காரணம் இருக்கிறது. பக்கத்து வளாகத்து ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) முதலில் 3,492 கோடி ரூபாய், 2010இல் முடியும் என்றார்கள். மதிப்பீடு 5,677 கோடியாகி அதையும் தாண்டியது. உலையின் மையப் பகுதியை நிரப்பும் வேலை தொடங்கவே 2024 மார்ச் ஆனது.

ஒழுங்குமுறை வாரியத் தலைவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வாரியம் கண்காணிக்க வேண்டிய துறைக்குக் கீழேயே அமர்ந்திருந்ததை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுத்தில் கண்டித்தார். சட்டத்தில் எது மாறினாலும், "வேண்டாம்" என்று உங்களால் சொல்ல முடியுமா என்பதை மக்கள் இப்படிப்பட்ட கோப்பில்தான் பார்ப்பார்கள். ராஜஸ்தானின் முதல் உலை 2004இல் நின்றது, அப்படியே விட்டுவிட்டீர்கள். அப்படி முடிவெடுப்பதில் அவமானம் ஏதுமில்லை.

அவசரகாலத் திட்டம் பற்றியும் கேட்க வேண்டும். அந்தத் திட்டம் நிலையத்தைச் சுற்றி வரையும் 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மாமல்லபுரமும் அடங்கும். நிலையத்துக்கு வெளியே எடுக்கும் நடவடிக்கைக்கு மாவட்ட ஆட்சியர் பொறுப்பு. அலகு நின்றபோது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி நெரிசலில் பேருந்துகள் எந்த வழியாக வந்து எங்களை ஏற்றும், கதிரியக்கம் பரவினால் தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை எங்கே இருக்கிறது? கிராமம் கிராமமாகச் சொல்லுங்கள்.

அனுமதி தரும் முன் ஒரு பொதுக் கூட்டம் வையுங்கள். நுழைவுச் சீட்டு வாங்கிப் பாதுகாப்புப் படையைத் தாண்டி வரவேண்டிய நகரிய அரங்கில் வேண்டாம். சதுரங்கப்பட்டினத்திலோ புதுப்பட்டினத்திலோ வையுங்கள், பிற்பகலில். விடியலில் கடலுக்குப் போனவர்கள் அப்போதுதான் கரையில் இருப்பார்கள். அறிக்கையும் கணக்கும் ஒரு மாதம் முன்னதாக ஊராட்சி அலுவலகங்களுக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கல்பாக்கம் 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வாழும் ஒரு மின்நுகர்வோர்