பழைய எழுத்துருவில் கிடக்கும் வீட்டுக் கணக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் எழுந்திருக்கிறது. புதியது வாங்குவதா, இருப்பதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வதா என்று யோசிக்கிறார்கள். எதைச் செய்தாலும் சரி, அதில் இருக்கும் பழைய எழுத்துருத் தமிழை முதலில், எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் பள்ளத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்தபோது எழுதிய கடிதங்கள், அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகள், பேரேட்டின் சில பக்கங்கள் எல்லாவற்றையும் பல வருஷமாகத் தட்டச்சு செய்து வருகிறேன். தாள் உதிர்கிறது, மை மங்குகிறது. இன்னும் ஒரு தலைமுறை தாங்காது. பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் நூலும் தாளுமாகச் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வீட்டில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா?

என் லேப்டாப் இந்த வருஷம் படுத்துவிட்டது. முதலில் மூடியின் கீல் விட்டது, பிறகு மதர்போர்டே போனது. காரைக்குடியில் பழுது பார்க்கும் தம்பி, "ஆச்சி, போர்டு மாத்துற காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே வாங்கிரலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலை, உள்ள இருக்கிறது அப்படியே வந்துரும்" என்றார். டிஸ்க்கைக் கழற்றி ஓர் உறையில் போட்டு யூஎஸ்பி வயரோடு கொடுத்தும்விட்டார். வாங்கிய பழைய லேப்டாப் இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட முடிவு செய்தேன். நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய தைரியம். வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்வதைப் பார்த்த பிறகே உள்ளே ஏற்றச் சொன்னேன். கடைக் கணக்கை டாலி என்ற கணக்கு மென்பொருளில் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசித்து மாற வேண்டும், அது விண்டோஸுக்காகச் செய்தது. என்னைப் போல் எழுதுவதும் படிப்பதும் மெயில் பார்ப்பதுமாக இருப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடிதம், கணக்கு எழுதும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸின் பட்டிகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் சேர்த்ததும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு என்று பழகிய விரலுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

பழைய கோப்பைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்திருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஆங்கில எழுத்துகள் நின்றன. அந்தக் கால எழுத்துருக்கள் எல்லாம் இப்படித்தான். ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கிலம்தான். அந்த எழுத்துருவையே லினக்ஸிலும் நிறுவிப் பார்த்தேன், படிக்க முடிந்தது. ஆனால் கடிதங்களில் வரும் பர்மா ஊரான "மௌல்மேன்" என்று தேடினால் கிடைக்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பினால் அவன் போனில் வெறும் ஆங்கிலக் குப்பை.

எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போட்டால் மட்டும் நடுவில் வரும் ஆங்கில முகவரி, கப்பல் பெயர் எல்லாவற்றையும் அது தமிழ் என்று நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடுகிறது. ஆங்கிலம் கலந்த பத்திகளைத் தனியே பிரித்து மாற்றினேன். பிறகு ஒவ்வொரு கடிதத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தேன். மெனக்கெட வேண்டிய வேலைதான், ஆனால் செய்யத்தக்க வேலை.

அதில் ஒரு பலனும் கிடைத்தது. ஐயாவின் ஏட்டில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று வரிக்கு வரி குறிகள் வரும். பழைய எழுத்துருவில் இவை இல்லாததால் இடம் விட்டு, அச்செடுத்த பிறகு பேனாவால் போட்டு வந்தேன். இந்தக் குறிகள் 2003-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டன. மாகாணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளும் 2019-இல் சேர்ந்தன. அவற்றுக்கு நோட்டோ என்ற இலவச எழுத்துருக் குடும்பத்தில் தனி எழுத்துரு இருக்கிறது, அதையும் நிறுவிக்கொண்டேன். முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரைக்கும் வட்டி பார்த்து எழுதிய ஒரு வரியை, அவர் எழுதியபடியே திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வளவும் ஒரு வீட்டுக் கதை. கோயில்களில் புள்ளிக் கணக்கு, அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு, வைத்திருப்பவர்கள், ஊர்ச் சங்கங்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள் எத்தனை பேரிடம் இப்படிப் பழைய எழுத்துருவில் கோப்புகள் கிடக்கின்றனவோ! யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010-இல். அதன் பிறகும், சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவின் மென்பிரதியைப் பழைய எழுத்துருவில் மாற்றித் தரச் சொன்னார்கள். அச்சகத்திலும் அதே பதில்தான். அவர்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறார்கள், அதற்கு யூனிகோடு தெரியாது. தொழில் நடத்துகிறவர்கள் மென்பொருளை உடனே மாற்ற முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அரசு அலுவலகத்துக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. சொந்த ஆணையை அவர்களே பின்பற்றாவிட்டால் யார் பின்பற்றுவார்கள்?

என் கோரிக்கை இரண்டு. யூனிகோடில் வரும் மனுவையும் இணைப்பையும் எந்த அரசு அலுவலகமும் திருப்பி அனுப்பக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் சுற்றறிக்கை விட வேண்டும். அடுத்து, காரைக்குடி, தேவகோட்டை நூலகங்களில் இதற்கென ஒரு கணினியை ஒதுக்கி, வாரம் ஒரு நாள் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து பெரியவர்களின் கோப்புகளை மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். அழகப்பா பல்கலைக்கழகம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இதைச் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகளும் பழைய கணக்கு வாசிக்கப் பழகுவார்கள். மாற்றித் தரும்போது மூலக் கோப்பை அழிக்காமல் பென் டிரைவில் தனியே போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மாற்றியில் ஏதாவது விடுபட்டிருந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்